'ணும்' என்று முடிகிற வரிகள்

'ணும்' என்று முடிகிற வாக்கியங்களை நான் இப்போதெல்லாம் எழுதுவதில்லை. அரிசி வாங்கணும், கரண்ட் பில் கட்டணும், தங்கச்சிக்கு ஃபோன் பண்ணணும் என்று ஊரே எழுதுகிறது, எழுதிவிட்டுப் போகட்டும். எனக்கு மட்டும் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கதையில் ஒரு பெண் எதற்காவது ஆசைப்பட்டால்கூட, "இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது" என்று சுற்றி வளைத்து எழுதித் தப்பித்துக்கொள்கிறேன். வரி நீள்கிறது. நீண்டால் நீளட்டும்.

இதற்குக் காரணம் என் கணவர். கூட நின்றது என் ஃபோன்.

நான் கதை எழுதுகிறவள். கதை எழுதிச் சம்பாதிப்பதில் குடும்பம் நடத்த முடியாது என்பதால் ஆவடியில் ஒரு டியூஷன் சென்டரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு கரையான்சாவடியில், நான் பிறந்த தெருவுக்கு நாலு தெரு தள்ளி. காலையில் போவதும் மாலையில் வருவதும் ஷேர் ஆட்டோவில்தான். என் கதைகளில் பாதி அந்த ஆட்டோவில் கிடைத்தவை. எதிரும் புதிருமாக முட்டி இடிக்க உட்கார்ந்ததும் பெண்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் இருப்பவளை முன்பின் தெரியாது என்பதே அவர்களுக்கு ஒரு தைரியம். மாமியாரிடம் சொல்ல முடியாததை, கூடப் பிறந்தவளிடம் சொல்லக் கூசுவதை, ஆட்டோ பருத்திப்பட்டு போய்ச் சேருவதற்குள் கொட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

நான் அதை அப்படியே ஃபோனில் தட்டிக்கொள்வேன். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, அவர்கள் சொன்ன 'நான்' என்பதோடு. "இப்படி ஓர் அம்மா சொன்னார்" என்றெல்லாம் மேலே போட்டு அலங்காரம் பண்ண நேரம் இருக்காது. சென்னீர்குப்பம் தாண்டுவதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். எனக்குத் தெரியாதா, எது என் வார்த்தை, எது அவர்கள் வார்த்தை என்று? அந்த நினைப்பில்தான் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 'அவரு' என்பார்கள், மிஞ்சினால் 'எங்க ஊட்டுக்காரு'. குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பவனும் அவருதான். நானும் அதே மண்தானே. விரதம் எதுவும் இல்லை, ஆனால் அவர் பெயர் என் வாயில் வராது. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டிவிடுவேன். குறிப்பு எழுதும்போதும் அப்படித்தான்: "அவரு கேஸ் புக் பண்ணணும்", "அவரு சட்டைக்குப் பட்டன் தைக்கணும்". ஆக, என் ஃபோனுக்குள் ஒரு ஆட்டோ கொள்ளாத அளவுக்கு அவருகள் இருந்தார்கள். அதில் ஒருவர்தான் என் கணவர்.

அவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். அவர் அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்தார். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆவடியாக இருந்தும் வீட்டுப் பேச்சில் ஊர் வாசனை போகவில்லை. அம்பத்தூரில் இயந்திர பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறார். நிதானமான மனிதர். குடிப்பதில்லை, கத்துவதில்லை, பேசுவதும் இல்லை. அவருக்கு ஒரே ஒரு பித்து: ஒரு ஆப்பில் போட்டது இன்னொரு ஆப்பில் தானாக வந்து நிற்பதற்கு வழி பண்ணுவது. வாசிக்கிற ஆப்பில் கோடு போட்ட வரி குறிப்பு ஆப்புக்கு வர வேண்டும், குறிப்பில் எழுதிய தேதி காலண்டருக்குப் போக வேண்டும், கம்ப்யூட்டரில் மாற்றினால் ஃபோனிலும் மாற வேண்டும். "எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடணும்" என்பார். வீட்டில் இருக்கிற இரண்டு பேர் பேசிக்கொள்வதைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் குறிப்புகள் அப்போது சிதறிக் கிடந்தன. ஃபோனில் ஒரு ஆப், எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் மெசேஜ்கள், பேசினால் எழுத்தாக்கித் தரும் இன்னொரு ஆப், அலுவலகக் கம்ப்யூட்டர், ஹாஸ்டலுக்குப் போன மகள் விட்டுவிட்டுப் போன டேப்லெட். ஒரு கதைக்கு முடிவாக வைத்திருந்த வரி எதில் இருக்கிறது என்று தெரியாமல் போனது. இருக்கிற இடத்திலெல்லாம் தேடிவிட்டு வீட்டில் பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் தாங்காமல் அவர்தான் சொன்னார், எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வரிசையாகப் பாஸ்வேர்டு சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், மகளின் பிறந்தநாள். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். ஆட்டோவில் ஃபோனில் எழுதினால் அது அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது, டேப்லெட்டில் இருந்தது. தொலைந்த வரிகூடக் கிடைத்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் நானே இன்னொன்றும் கேட்டேன். பில் கட்டுவது, சாமான் வாங்குவது மாதிரி விஷயங்கள் கதைக் குறிப்புகளுக்கு நடுவே மறைந்து போகின்றன, அதை மட்டும் பிரித்து ஞாபகப்படுத்த வழி உண்டா என்று. அவர் யோசித்தார். அப்புறம் முகம் மலர்ந்தது. தமிழில் செய்ய வேண்டியதெல்லாம் 'ணும்' என்றுதானே முடிகிறது, 'ணும்' என்று முடியும் வரிகளைப் பொறுக்கி வேலைப் பட்டியலுக்கு அனுப்பச் சொன்னால் போயிற்று என்றார். வினைச்சொல் கடைசியில் வருவதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று தமிழாசிரியர் மாதிரி எனக்கே பாடம் நடத்தினார். வேலை முடிந்து டிக் போட்டால் அது என் குறிப்பிலும் வந்து விழும், இரண்டு பக்கமும் போய் வரும், அதில்தான் சூட்சுமம் என்று பெருமையாகச் சொன்னார். அப்போது நான் ரசித்தேன்.

ஒரு சின்னப் பயம் மட்டும் வந்தது. "நீங்க இதெல்லாம் படிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"கொழா போடுதவன் தண்ணியையா குடிச்சுப் பாக்கான்?" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? டீ போட்டுக் கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருக்கும்போது அவரிடமிருந்து ஃபோன் வந்தது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் எடுத்தேன். "சாப்ட்டியா?" என்றார். சாப்பிடப் போகிறேன் என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான். கல்யாணமாகி மகள் கல்லூரிக்குப் போகிற வரைக்கும் ஒரு நாள்கூட அந்த மனிதர் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். எனக்குப் பக்கத்து மேஜைக்காரி, என்னைவிடச் சின்னவள், "இன்னாக்கா, இந்த வயசுல லவ்வா?" என்று கிண்டல் பண்ண ஆரம்பித்தாள். நான் வெட்கப்பட்டேன். அதை இப்போது நினைத்தால்தான் உடம்பெல்லாம் எரிகிறது.

பிறகு தன் டிபன் பாக்ஸைத் தானே கழுவி வைத்தார். ஒரு நாள் அவர் அம்மா ஃபோனில் என்னைப் பற்றி ஏதோ குறைப்பட்டுக்கொண்டிருக்க, "அவளும் வேலைக்குப் போயிட்டு வந்துதானம்மா செய்யுதா" என்றார். சட்னி அரைத்துக்கொண்டிருந்த நான் மிக்ஸியை நிறுத்திவிட்டு நின்றேன். அவர் இன்னொரு தரம் சொல்வாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சனிக்கிழமை பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொண்டு வந்து, "இன்னைக்கு நீ சமைக்காண்டாம்" என்றார். எனக்குப் பரோட்டா பிடிக்காது, நெஞ்சில் நிற்கும். அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் ஆசையாக வாங்கி வந்திருக்கிறாரே என்று இரண்டு தின்றேன். மறுநாள் முழுக்க வெந்நீர் குடித்தேன், அதுவும் சந்தோஷமாக.

எனக்கு நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். மகள் ஹாஸ்டலுக்குப் போனதால் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது, ஐம்பதை நெருங்கும்போது ஆண்களுக்கு மனசு இளகுமாம், இப்படியெல்லாம். தங்கச்சியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவள் பொறாமைப்பட்டதும் எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் பை வந்தது. ஒரு மாலை கரையான்சாவடியில் ஆட்டோவிலிருந்து இறங்கினால், மெட்ரோ தூணுக்குக் கீழே அவர் நிற்கிறார். அம்பத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி எனக்காகக் காத்திருந்தாராம். என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நடப்பார் என்று பார்த்தால், பின்னால் நடந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். நான் மெதுவாக நடந்தால் அவரும் மெதுவாக. கடைக்காரர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். வழக்கமாக என்னிடம் பூ விற்கிற அம்மா, "இன்னாம்மா, அண்ணாத்தே பாடிகார்டு கணக்கா பின்னாடியே வராரு" என்று சிரித்தாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. வீடு வரைக்கும் மிதந்துகொண்டுதான் போனேன். எங்கேயோ கேட்ட மாதிரி, எப்போதோ பார்த்த மாதிரி ஒரு உறுத்தல் மட்டும் உள்ளே இருந்தது. சந்தோஷத்தில் அதைக் கிளற மனசு வரவில்லை.

அடுத்த ஞாயிறு காலை ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்புவதற்காகப் பழைய குறிப்புகளைத் திறந்தேன். எழுதும்போது தட்டிவிடுவதோடு சரி, கதைக்கு உட்காரும்போதுதான் பழசைத் திறப்பது என் வழக்கம். பருத்திப்பட்டுப் பக்கம் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது. எப்போது பார்த்தாலும் இரண்டு கையிலும் இரண்டு பை வைத்திருப்பாள். புருஷனோடு கடைக்குப் போனாலும் அவன் கையை வீசிக்கொண்டு முன்னால் போவானாம். அவள் சொன்னதை அன்றைக்கே எழுதி வைத்திருந்தேன்:

"ஒரே ஒரு நாளு அவரு என் பைய்ய தூக்கிகினு என் பின்னாடி நடந்து வரணும்."

வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருந்தது.

நான் போடவில்லை. கை பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே தள்ளினேன். "இன்னிக்கு சமைக்காதேன்னு சொல்லி அவரு பரோட்டா வாங்கியாரணும்." டிக். அது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஓர் அம்மா சொன்னது. "அவரு சோத்து டப்பாவ அவரே கழுவணும்." டிக். அதுவும் அந்த அம்மாதான். இன்னும் மேலே போனேன். "சாப்ட்டியான்னு அவரு ஒரு வார்த்த கேக்கணும்." அது என்னுடையது. ஒரு நாள் தலைவலியோடு தனியாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தபோது எழுதியது. அதற்கு டிக்கோடு கூட, தினமும் என்று ஒரு குறியும் இருந்தது. "அவங்க அம்மா கிட்ட அவரு எனக்காக ஒரு வார்த்த பேசணும்." என்னுடையது. டிக்.

இரண்டு பக்கமும் போய் வரும் என்று அவர்தானே சொன்னார்? அவர் பக்கம் போட்ட டிக் என் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. தன் சூட்சுமத்தைத் தானே மறந்துபோயிருக்கிறார். கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தது அவர் போட்ட குழாய்தான்.

அவர் கூடத்தில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். ஃபோனைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, இது என்ன என்று கேட்டேன். பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தார். பொய் சொல்லவில்லை. அவருக்குப் பொய் சொல்லவும் வராது. தன் ஃபோனை எடுத்துத் திறந்து காட்டினார். எனக்காகப் போட்ட 'ணும்' விதிக்குப் பக்கத்தில் எனக்குச் சொல்லாமல் இன்னொரு விதி போட்டிருந்தார்: 'ணும்' என்று முடிகிற வரியில் 'அவரு' என்றும் இருந்தால் அது என் பட்டியலுக்குப் போகாமல் அவருடைய வேலைப் பட்டியலுக்கு வர வேண்டும்.

"அவருன்னா நாந்தானே?" என்றார்.

முதலில் கேஸ் புக் பண்ணுவது, பைப்புக்காரரைக் கூப்பிடுவது என்று எனக்கு ஒத்தாசையாகத்தான் போட்டாராம். ஒரு நாள் "சாப்ட்டியான்னு" என்ற வரி வந்ததாம். படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். கேட்டால் என்ன கேடு என்று ஃபோன் பண்ணினாராம். என் குரலில் ஒரு சந்தோஷம் தெரிந்ததாம். அதிலிருந்து வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தாராம். இதையெல்லாம் அவர் குறைந்த குரலில், ஏதோ நல்லது பண்ணியவர் மாதிரிதான் சொன்னார். தப்புப் பண்ணியவர் முகம் அதில் கொஞ்சமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் ஏமாந்தேன். வேறு அழகான வார்த்தை எதுவும் இதற்கு வேண்டாம். தினமும் மத்தியானம் அவர் மனசில் என் நினைப்பு வருகிறது என்று நம்பியிருந்தேன். வந்தது நினைப்பு இல்லை. அவர் சட்டைப் பாக்கெட்டில் மணி அடித்திருக்கிறது. மணி அடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார். நான் இங்கே சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"பரோட்டா நான் கேட்டதில்ல," என்றேன். "பையும் நான் கேட்டதில்ல. அதெல்லாம் ஆட்டோல வர பொம்பளைங்க சொன்னது. யாரு யாரோ சொன்னது."

அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். திரும்பப் பட்டியலைப் பார்த்தார். "நீயும் இப்படித்தானே பேசுத? கீது, வந்துகினு, போய்கினுன்னு. எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் என் குறிப்பைப் படித்ததுகூடப் பெரிதில்லை என்று ஆகிவிட்டது, அந்த ஒரு கேள்வியில். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், என் குரல் எது, பருத்திப்பட்டில் இறங்கிப் போகிறவள் குரல் எது என்று இந்த மனிதருக்குப் பிரிக்கத் தெரியவில்லை. கரையான்சாவடிப் பேச்சு பேசுகிற எல்லாப் பெண்ணும் அவருக்கு ஒரே பெண். நெஞ்சில் நிற்கும் என்று தெரிந்தும் பரோட்டா வாங்கி வந்தது அதனால்தான். எனக்குப் பிடிக்காது என்பது அவருக்கு ஞாபகமே வந்திருக்காது, எழுதியிருந்தது, வாங்கினார்.

பட்டியலை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்துக்கொண்டே போனேன். கீழே ஒரு வரி இருந்தது. அதற்கும் தினமும் என்று குறி. தினமும் டிக். ஒரு நாள்கூட விடவில்லை.

"இனிமே அவரு என் மேல கை நீட்டாம இருக்கணும்."

எனக்கு அந்தப் பெண்ணை நன்றாக ஞாபகம் இருந்தது. மணிக்கட்டு வீங்கி, சில்லறை எடுத்துக் கொடுக்க முடியாமல் என்னிடம் பர்ஸைக் கொடுத்து எடுக்கச் சொன்னவள். சொல்லும்போது அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்க எப்ப என்மேல கை நீட்டினீங்க?" என்று கேட்டேன்.

"நீட்டலதான்," என்றார். தேய்த்துக்கொண்டிருந்த சட்டையின் காலரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவ கதவ ஓங்கிச் சாத்தினேம்லா. அது ஒனக்கு அடிச்ச மாதிரி இருந்திருக்கும்னு நெனச்சேன். அதான் தெனமும் பாத்துப் பாத்து இருந்தேன்."

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இரக்கத்தைவிட வேகமாகக் கோபம் வந்துவிட்டது. தன் மனைவி தன்னைக் கை நீட்டுகிறவன் என்று எழுதி வைத்திருக்கிறாள் என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டு இந்த மனிதர் என் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். ராத்திரி டிக் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார். ஒரு தரம், ஒரே ஒரு தரம், "ஏன் இப்படி எழுதின?" என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் படித்தது தெரிந்துவிடும். படித்தது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, நான் அப்படி நினைக்கிறேன் என்பதையே முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். குழாய் போட வந்தவர் தண்ணீர் மட்டுமா குடித்தார், தொட்டியிலேயே இறங்கிக் குளித்துவிட்டார் என்றுகூடச் சொன்ன ஞாபகம். அவர் நான் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்.

"அந்தப் பொம்பளையள்ட்ட நீ கேட்டுட்டா எழுதுன?"

நான் பேர் போடுவதில்லை என்றேன். தானும் யாருக்கும் காட்டவில்லையே என்றார். இரண்டும் ஒன்றா? இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். மாற்ற வேண்டியிருந்ததால் இன்னும் எரிச்சலானேன்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். உண்மையில் எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "இதுல இல்லாம, நீங்களா செஞ்சது ஒண்ணாவது கீதா?"

அவர் யோசித்தார். வெறும் வார்த்தைக்காவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம், நான் நம்பியிருப்பேன். அவர் ஃபோனைத் திரும்ப வாங்கிப் பட்டியலை மேலேயிருந்து கீழே தள்ளிப் பார்த்தார். பட்டியலில் இல்லாததைப் பட்டியலில் தேடினார். அப்புறம், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார்.

இன்னும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் பிரித்துவிடச் சொன்னேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒரு ஆப்புக்கும் இன்னொரு ஆப்புக்கும் இருந்த தொடர்பை அறுக்கும்போதெல்லாம், நிச்சயமாகத்தானா என்று திரை கேட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். பழைய டிக்குகள் அப்படியே இருக்கும், அதை எடுக்க முடியாது என்றார். இருக்கட்டும் என்றேன். பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டேன். இந்தத் தடவை அது யாருடைய பிறந்தநாளும் இல்லை.

திங்கட்கிழமை மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஃபோன் வரவில்லை. வரக் கூடாது என்றுதானே அறுத்தேன்? ஆனாலும் இரண்டு தரம் ஃபோனைத் திருப்பிப் பார்த்தேன், சைலண்டில் கிடக்கிறதோ என்று. பக்கத்து மேஜைக்காரி, "இன்னாக்கா, இன்னிக்கு ஆளு கூப்பிடல?" என்றாள். அவருக்கு மீட்டிங் என்றேன். செவ்வாயும் மீட்டிங் என்றேன். புதன்கிழமை அவளே கேட்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாரா, பயந்துவிட்டாரா என்று தெரியவில்லை. இரண்டில் எது எனக்குச் சம்மதம் என்றும் தெரியவில்லை. வீட்டில் அவரிடம் நான் கேட்கவும் இல்லை.

அந்த வாரத்தில்தான் துணிக் கம்பெனிப் பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல இரண்டு பை. "இன்னாக்கா, டல்லா கீறே?" என்றாள். உன் ஆசை பலித்துவிட்டது, ஆனால் தெரு மாறிப் பலித்துவிட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தேன். அவள் தன் புருஷனைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். ரொம்ப நல்ல பேச்சு. கை தானாகப் பர்ஸுக்குப் போனது, ஃபோனை எடுக்கவில்லை. பருத்திப்பட்டில் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு, ஆட்டோ கம்பியில் இடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்று மாலை எனக்கும் சுமை அதிகம். ஆவடி மார்க்கெட்டில் தேங்காயும் எண்ணெயும் வாங்கியிருந்தேன். என் பேருக்கு அலுவலகத்துக்குத் தபாலில் வந்திருந்த பத்திரிகைக் கட்டும் பைக்குள் இருந்தது. கரையான்சாவடியில் இறங்கினால், அதே தூணுக்குக் கீழே அவர் நின்றுகொண்டிருந்தார். அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியிருப்பார் போல. எனக்காக நின்றாரா, ரோட்டைத் தாண்ட நின்றாரா, தெரியாது. என்னைப் பார்த்ததும் கூட நடக்க ஆரம்பித்தார். பின்னால் இல்லை, பக்கத்தில்.

அவருக்குத் தன் கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் விட்டார், எடுத்தார், பின்னால் கட்டிக்கொண்டார். பூக்கார அம்மாவைத் தாண்டும்போது ஒரு தரம் என் பையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். பையின் வார் என் விரல்களில் அழுந்தி ரத்தம் கட்டிப்போயிருந்தது. யாரோ ஒருத்தி ஆட்டோவில் சொல்லிவிட்டுப் போன ஆசை எப்போது என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை, ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அது இருந்தது, என்னுடையதாகவே இருந்தது. அதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எங்கேயும் மணி அடிக்கவில்லை. இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றும்போது கொஞ்சம் நின்றேன்கூட. அவரும் நின்றார்.

வீட்டு வாசல் வரைக்கும் நானே தூக்கிக்கொண்டு வந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.